ஆட்கள் தேவை, ஆலோசனை இலவசம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் சாலையில் மின்கம்பங்கள் இரண்டு உத்தியோகம் பார்க்கின்றன. மேலே மின்சாரம், கீழே வேலைவாய்ப்பு. மேலே இருப்பது அவ்வப்போது நின்றுபோகும். கீழே இருப்பது ஒருநாளும் நிற்பதில்லை. ‘ஆட்கள் தேவை. டென்த், ட்வெல்த், ஐ.டி.ஐ., டிப்ளமோ, எனி டிகிரி. பாஸ் அல்லது ஃபெயில். தங்குமிடம், உணவு இலவசம். உடனே சேரலாம்.’ பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டவனையும், நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கல்விக்கடனோடு நிற்பவனையும் ஒரே வரியில், ஒரே கூலியில் நிறுத்திவிடுகிற தாள் அது. சமத்துவபுரம் கட்ட அரசுக்கு எத்தனை கோடி ஆயிற்று! இங்கே ஒரு ஜெராக்ஸ் தாளும் ஒரு கை பசையும் போதும்.

தாளில் இல்லாதது ஒன்றே ஒன்று, கம்பெனியின் பெயர். கீழே ஒரு கைப்பேசி எண் மட்டும் இருக்கும். அதைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பொன்னேரி, கவரைப்பேட்டைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

“எந்தக் கம்பெனி மேடம்?”

“நேர்ல வாங்க தம்பி, சொல்றோம்.”

“சம்பளம் எவ்ளோ வரும் மேடம்?”

“அதெல்லாம் நேர்லதான் பேச முடியும்.”

“நேர்லன்னா எங்க மேடம் வரணும்?”

“ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஐந்நூறு ரூபா ஜி-பே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க. லொகேஷன் வரும்.”

எல்லாமே நேரில்தான். பணம் மட்டும் தூரத்திலிருந்தே வரலாம்.

இதை ஏதோ மின்கம்பக் கலாசாரம் என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். பெயரை மறைத்து ஆள் எடுக்கும் கலைக்கு உலகத்தரச் சான்றே கிடைத்திருக்கிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் கோக்கும் வேலைக்கு மணமான பெண்களை எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸே அடுத்த செய்தியையும் போட்டது. ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகள் இனி விளம்பரத்தில் வயது, பாலினம், திருமணம் எதையும் எழுதக்கூடாது என்று சொல்லப்பட்டதாம். நல்லது. கூடவே கம்பெனியின் பெயரையும் போடக்கூடாது என்று சொல்லப்பட்டதாம். பாகுபாட்டை ஆலைக்குள்ளிருந்து எடுக்கச் சொன்னால் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதோடு ஆலையையும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி யார் மீது புகார் கொடுப்பது, மின்கம்பத்தின் மீதா?

‘தங்குமிடம், உணவு இலவசம்’ என்ற வரிக்கும் ஒரு வரலாறு உண்டு, அதுவும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கி, அதே ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள் சாப்பாடு ஒவ்வாமல் விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை செய்த பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான், சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்பது அமெரிக்காவில் இருக்கும் ஆப்பிளின் கண்ணுக்குத் தெரிந்தது. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகம் எவ்வளவு தூரம், கலிஃபோர்னியா எவ்வளவு தூரம் என்று பூகோளம் படித்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெண்கள் யாரும் நேர்காணலில் தோற்றவர்கள் இல்லை. வேலை கிடைத்தவர்கள். வேலை தேடுவோருக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் ‘வெற்றிக்கதை’ என்று சொல்வார்களே, அந்தக் கதையின் நாயகிகள்.

ஆலோசனைக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் குடிநீர்கூட முறைவைத்து வரும், ஆலோசனை இருபத்துநான்கு மணி நேரமும் வரும். கல்லூரி அரங்கில் வேலைவாய்ப்பு முகாம் என்றால் முதலில் குத்துவிளக்கு, பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளர். எடிசன் எத்தனை ஆயிரம் முறை தோற்றார் தெரியுமா என்று ஆரம்பிப்பார். எடிசனிடம் யாரும் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் வாங்கவில்லை. யூனிஃபார்ம் டெபாசிட் வாங்கவில்லை. ‘மெடிக்கல்’ என்று சொல்லி ரத்தமும் எடுத்துப் பணமும் எடுக்கவில்லை. பயோடேட்டா ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பார். சரி ஐயா, எங்கள் பிள்ளைகளின் அனுபவத்துக்கு அரைப் பக்கமே அதிகம். கை குலுக்கும்போது உறுதியாகக் குலுக்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பார். இங்கே ஆளெடுப்பவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார், ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ, “அடுத்து.”

மாதிரி நேர்காணல் என்று ஒன்று நடத்துவார்கள். அதில் வேதவாக்கு மாதிரி ஒரு கேள்வி உண்டு: “அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்குறீங்க?” கொடுக்கப்போவது ஆறு மாத கான்ட்ராக்ட். கேட்பது ஐந்தாண்டுத் திட்டம். உண்மையைச் சொன்னால் பையன் இப்படிச் சொல்ல வேண்டும்: “சார், ஆறாவது மாசம் நீங்க என்னை வெளிய அனுப்புவீங்க. ஏழாவது மாசம் இதே கேட்ல வேற கான்ட்ராக்டர் பேர்ல உள்ள வருவேன். அஞ்சு வருஷத்துல பத்து ஐ.டி. கார்டு சேரும்.” இப்படிச் சொன்னால் ‘ஆட்டிட்யூட் சரியில்லை’ என்று எழுதிவிடுவார்கள். உண்மை பேசும் நோய்க்கு அவர்கள் வைத்திருக்கும் மருத்துவப் பெயர் அது.

இன்னொரு தலைப்பு, நேர மேலாண்மை. இதைக் கேட்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிகிறது. 2023 ஏப்ரல் 21-ல் இந்த மாநிலத்தின் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தெழுந்த பிறகு மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். தொழிலாளருக்கு மே தினப் பரிசாக, அவர்களிடமிருந்து பிடுங்கப் பார்த்ததையே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டியின் கம்பி உருட்டும் ஆலைகளில் போய் எட்டு மணி நேரம் என்று சொல்லிப் பாருங்கள், “எந்த ஊர்க்கார்ரு நீங்க?” என்று கேட்பார்கள். போக வர ரெண்டு மணி, வேலை பன்னிரண்டு மணி, தூங்க எட்டு மணி. மிச்சமிருக்கும் ரெண்டு மணி நேரத்தை எப்படி மேலாண்மை செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பேச்சாளர், அவருக்கு ஒரு பொன்னாடை.

வேலை தேடுபவனுக்கு உண்மையில் வேண்டியது நாலு தகவல். எந்த ஆலையில் எத்தனை இடம் காலி, யார் பட்டியலில் பெயர் ஏறும், கைக்கு எவ்வளவு வரும், எத்தனை நாளுக்கு. இந்த நாலையும் யாரும் சொல்ல மாட்டார்கள். மற்றதெல்லாம் சொல்வார்கள். சட்டை எந்த நிறத்தில் போட வேண்டும் என்பது உட்பட.

அந்த முதல் தகவலைச் சொல்லியே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. சட்டம் என்றதும் கொட்டாவி வரும். ஆனால் இது நல்ல நகைச்சுவைச் சட்டம், படிக்கலாம். 1959-ல் வந்தது: வேலைவாய்ப்பு நிலையங்களுக்குக் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தே தீர வேண்டும். அடடா என்று எழுந்து உட்காராதீர்கள். மூன்று மாதத்துக்குக் குறைவான வேலை என்றால் தெரிவிக்க வேண்டாம். தெரிவித்தாலும் அந்த அலுவலகம் அனுப்பும் ஆளை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெரிவிக்காவிட்டால்? முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் வரை அபராதம். திருந்தாமல் மறுபடியும் செய்தால் சட்டம் சீறும்: 1,000 ரூபாய் வரை!

அதே தமிழ்நாட்டில், 2022 அக்டோபரிலிருந்து, ஹெல்மெட் போடாமல் பைக்கில் போனால் 1,000 ரூபாய். வேலை தேடி பைக்கில் போகிற பையன் ஹெல்மெட்டை மறந்தால் 1,000. அவன் தேடிப் போகிற வேலையை ஒளித்துவைத்த ஆலைக்கு, அந்தச் சட்டம் இருந்தவரை, 500. எது பெரிய குற்றம் என்பதில் நம் அரசுகளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மண்டையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது அவரவர் பொறுப்பு. மண்டைக்குள் படித்து ஏற்றியதை என்ன செய்வது என்பது யாருடைய பொறுப்பும் இல்லை.

அறுபத்தைந்து ஆண்டு இப்படியே ஓடிற்று. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்த 1959 சட்டத்தையும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு விழுங்கிக்கொண்டது. வேலைவாய்ப்பு நிலையம் என்ற பழைய பெயர் போய் ‘கேரியர் சென்டர்’ வந்திருக்கிறது. பெயர்ப்பலகையை மாற்றி எழுத ஒரு பெயின்டருக்காவது நிச்சயம் வேலை உண்டு. அந்தப் பெயின்டர் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தாலும் வரலாம். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் வாங்கி, குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடக்கூட வழியில்லாமல் பெயின்ட் டப்பாவைத் தூக்கியவர்கள் அங்கே உண்டு. அவர்களிடம் போய் எடிசன் கதை சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததாகத் தெரியவில்லை. வந்துவிடும்.

அந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் ஏற்கெனவே நீளம்தான்: மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். வேலைவாய்ப்பு சுருங்கச் சுருங்க வழிகாட்டுதல் வளர்ந்திருப்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. 2023-ல் தமிழ்நாடு முழுவதும் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள் 67 லட்சத்தை ஒட்டி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; மறந்தால் பதிவு மூப்பு போய்விடும். பிறகு அரசே கருணைகூர்ந்து ‘சிறப்புப் புதுப்பித்தல் சலுகை’ அறிவிக்கும். வேலை தரவில்லை, ஆனால் வேலைக்காகக் காத்திருந்த பெருமையைத் திருப்பித் தருகிறார்கள்.

காத்திருப்புக்குக் கூலியும் உண்டு. பதிவு செய்து ஐந்து ஆண்டு வேலை கிடைக்காமல் இருந்தால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டாமல் இருந்தால், மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை: பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். ஒரு டீ சாப்பிட்டுவிட்டு மிச்சக் காசை எண்ணிக்கொண்டு அடுத்த இன்டர்வியூவுக்கு நடந்து போகலாம். பத்தாம் வகுப்பு தவறியவர் டீயையே யாரோடாவது பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டு வேலையில்லாமல் தாக்குப்பிடித்துக் காட்டினால்தான் இந்தப் பரிசு. அதுவரை என்ன சாப்பிட்டாய் என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் இடமில்லை.

வேலையே இல்லை என்றா சொல்கிறார்கள்? அப்படிச் சொன்னால்கூட மனசு ஆறிவிடும். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் ஒப்பந்தங்களின் மதிப்பு 6,64,180 கோடி ரூபாய் என்றும், கிடைக்கப்போகும் வேலைவாய்ப்பு 26,90,657 என்றும் அறிவித்தார்கள். எண்ணைக் கவனியுங்கள். சுமார் 27 லட்சம் என்று சொல்லவில்லை. கடைசி ஏழு பேர் வரை எண்ணிவிட்டார்கள். இன்னும் அஸ்திவாரம் தோண்டாத ஆலையில் வேலைக்கு வரப்போகிறவர்களைத் தலை எண்ணிச் சொல்லும் அரசுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இன்றைக்கு எத்தனை இடம் காலி என்று ஒரு பலகையில் எழுதிப்போட மட்டும் முடியவில்லை. அந்தக் கணக்கு மின்கம்பத்துக்குத்தான் தெரியும்.

தேர்வாய்கண்டிகை என்று ஓர் ஊர். கும்மிடிப்பூண்டி வட்டம், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ஊரைச் சுற்றியிருந்த மேய்க்கால் நிலம் அவர்களுக்கு மாட்டுக்கு மேய்ச்சல், வீட்டுக்கு விறகு, ஏரிக்கு நீர்வரத்து. அதில் 1,127 ஏக்கரை சிப்காட்டுக்குக் கொடுத்தார்கள். ஊர் போராடியது, வழக்குகளைச் சுமந்தது. 2009-ல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலினோடு 4,000 கோடி ரூபாய் ஒப்பந்தம். 2012-ல் இந்த ஊரின் வழக்கு பாரீஸ் வரை போனது; பிரான்சின் தொழிற்சங்கமும் தொண்டு அமைப்புகளும் ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து அங்கே புகார் கொடுத்தன. 2020-ல் பக்கத்திலேயே சென்னைக்குக் குடிநீர் தர ஒரு நீர்த்தேக்கமும் வந்தது. நிலம் டயருக்கு, நீர் சென்னைக்கு, ஊருக்குத் திறன் பயிற்சி.

நிலம் கேட்கும்போது அரசு ‘வீட்டுக்கு ஒரு வேலை’ என்ற குரலில் பேசும். ஆலை எழும்பியதும் குரல் மாறும்: உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் திறன் போதவில்லை. நிலத்துக்குத் திறன் சோதனை வைத்தார்களா? ‘உங்கள் மண் எங்கள் இயந்திரத்துக்குத் தகுதியானதுதானா, அஞ்சு வருஷம் கழித்து அது தன்னை எங்கே பார்க்கிறது’ என்று கேட்டார்களா? மண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் பிறந்தவனுக்கு மட்டும் மூன்று சுற்று நேர்காணல்.

இதில் ஆட்சி மாறினால் பாட்டு மாறும், ராகம் மாறாது. தனியார் ஆலைகளில் 75 விழுக்காடு வேலை தமிழர்களுக்கே என்று சட்டம் கொண்டுவருவோம் என்பது 2021-ல் தி.மு.க.வின் தேர்தல் வாக்குறுதி. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். அங்கே 2019-லேயே அப்படியொரு சட்டம் போட்டார்கள். ஹரியானாவும் போட்டது, 2023-ல் உயர்நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. நம்மூரில் நீதிமன்றத்துக்கு வேலையே வைக்கவில்லை, சட்டமே வரவில்லை. இதற்கிடையில் எல்லையில் இருக்கிற பிள்ளைகள் சத்தமில்லாமல் கம்பெனி பஸ் ஏறி தடா, ஸ்ரீசிட்டி பக்கம் வேலைக்குப் போய்வருகிறார்கள். பசிக்கு மாநில எல்லை தெரியாது என்பது பஸ் டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது.

“எல்லா வேலையும் இந்திக்காரன் எடுத்துக்குறான்” என்று டீக்கடையில் ஒருத்தர் ஆரம்பிப்பார். எடுத்துக்கொள்ளவில்லை ஐயா, அவனையும் மின்கம்பத்தில்தான் பிடித்தார்கள். அந்த மின்கம்பம் பீகாரில் இருக்கிறது, அவ்வளவுதான். உலை முன்னால் நின்று வேகிற அவனிடம் கான்ட்ராக்டர் சொல்வது: “ரொம்பப் பேசினா உள்ளூர்க்காரன் வந்துருவான்.” உள்ளூர்க்காரனிடம் சொல்வது: “ரொம்பப் பேசினா இந்திக்காரன் வந்துருவான்.” இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மூன்று மாடி வீடு கட்டலாம். கட்டியிருக்கிறார்கள்.

அந்த வீடுகளின் அஸ்திவாரத்தில் ஓர் எண் புதைந்திருக்கிறது: 480. தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரும் சொல்லாத எண். 1981-ல் தமிழ்நாடு போட்ட நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் சொல்வது இது: ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். இந்தியாவே பொறாமைப்பட வேண்டிய சட்டம். இதனால் ஆலைகள் அதிகம் பயந்தது தொழிலாளியைக் கண்டு அல்ல, காலண்டரைக் கண்டு. காலண்டரை ஏமாற்ற ஒரு தொழிலே பிறந்தது. நானூறு நாளைத் தாண்டுவதற்குள் ‘பிரேக்’. கான்ட்ராக்டர் பெயர் மாறும், யூனிஃபார்ம் நிறம் மாறும், ஆள் அதே ஆள், மிஷின் அதே மிஷின். அல்லது ஆளைத் தொழிலாளி என்றே கூப்பிடாதே. பயிற்சியாளர் என்று சொல், அப்ரண்டிஸ் என்று சொல். 1961-ன் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளியே கிடையாது. நிரந்தரச் சட்டமும் அவனைத் தொடாது. மூன்று வருஷம் ஒரே போல்ட்டை ஒரே மாதிரி முறுக்கக் கற்றுக்கொள்ளும் மாணவன். பட்டமளிப்பு விழா நாளில் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். நாட்டின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் பத்துத் தொழிலாளரில் நான்கு பேர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள் என்று அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பே சொல்கிறது. கணக்கெடுக்கத் தெரிகிறது.

வேலை தேடுபவரிடம் காசு வாங்கக்கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1997-ல் ஓர் உடன்படிக்கை போட்டது. இந்தியா அதை ஏற்கவில்லை. அரசே இலவசமாக வேலை தேடித்தர வேண்டும் என்ற 1948 உடன்படிக்கையை மட்டும் 1959-ல் ஏற்றுக்கொண்டது. இலவசமாகத் தேடித்தருவோம் என்பதற்குக் கையெழுத்து உண்டு. தேடித்தருவதாகச் சொல்லிக் கறக்கிறவனைத் தடுப்போம் என்பதற்குக் கையெழுத்து இல்லை. பைபாஸ் ஓரத்து மாடி அறைகளில் நாற்காலி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கன்சல்டன்சிகள் இந்த இடைவெளியில்தான் வாடகைக்கு இருக்கின்றன.

உருப்படியான ஆலோசனை இந்த வட்டாரத்தில் கிடைக்கவே கிடைக்காதா என்றால், கிடைக்கும். மேடையில் கிடைக்காது. ஷிப்ட் விடுகிற நேரத்தில் சிப்காட் வாசல் டீக்கடையில், இருபது வருஷம் கான்ட்ராக்டிலேயே தலை நரைத்த ஓர் அண்ணன் கிடைப்பார். பொன்னாடை போர்த்தாமலே பேசுவார்.

“தம்பி, காசு கேட்டான்னா அங்க வேலை இல்லன்னு அர்த்தம், திரும்பிப் பாக்காம வந்துடு. ஏமாந்து ஜி-பே பண்ணிட்டியா, வெக்கப்படாம உடனே 1930-க்குப் போன் போடு, லேட் பண்ணா பணம் போயிடும். எந்த கேட்ல நுழையறியோ அந்தக் கம்பெனி பேரு, கான்ட்ராக்டர் பேரு, ரெண்டையும் எழுதி வெச்சுக்கோ. கான்ட்ராக்டர் சம்பளம் தராம ஓடிட்டான்னா பெரிய கம்பெனிதான் தரணும், அது எழுபதுலயே எழுதின சட்டம், புதுசுலயும் இருக்குது. ஐ.டி. கார்டை, சம்பளச் சீட்டை போட்டோ எடுத்து வீட்ல யாருக்காவது அனுப்பி வை. போனைக் கேட்லயே வாங்கி வெச்சுப்பானுங்க. பி.எஃப். பாஸ்புக்கை மாசாமாசம் பாரு. அவன் போட வேண்டிய பங்கையும் உன் சம்பளத்துலயே புடிப்பான், அது தப்பு. ஓ.டி.க்கு டபுள் சம்பளம். சிங்கிள் குடுத்துட்டு டீ வாங்கிக் குடுப்பான், டீயைக் குடி, கணக்கை மறக்காத. இப்ப நியமனக் கடிதம் எல்லாருக்கும் குடுத்தே ஆகணும்னு வந்திருக்கு, கேளு. அப்புறம் நாளை எண்ணு. முக்கியமா நாளை எண்ணு. எண்றது தெரியாம எண்ணு.”

ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். இதைச் சொல்ல அவருக்கு எந்த நிதி ஒதுக்கீடும் இல்லை. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நான்காம் தலைமுறைத் தொழிலுக்குத் தயார்படுத்துகிறார்கள்; ரோபோ கையை எப்படி இயக்குவது என்று சொல்லித்தருகிறார்கள், மனமாரப் பாராட்டலாம். அந்தப் பாடத்திட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, சொந்தக் கைக்கு எவ்வளவு கூலி வர வேண்டும், 480 என்றால் என்ன என்று சொல்லித்தந்தால் என்ன கெட்டுவிடும்? கெட்டுவிடும் என்று தெரிந்துதான் ஒதுக்கவில்லை.

ஆகவே என் பங்குக்கும் ஓர் ஆலோசனை, இலவசமில்லை, பத்து ரூபாய் செலவாகும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, திருவள்ளூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு மனு. கேள்விகளை நான் எழுதித் தருகிறேன். கடந்த பத்து ஆண்டில் இந்த மாவட்டத்துத் தனியார் ஆலைகள் எத்தனை காலியிடங்களை உங்களுக்கு அறிவித்தன, ஆலைவாரியாகத் தருக. அறிவிக்காத ஆலைகள் எவை? அவற்றில் எத்தனை ஆலைகள் மீது வழக்குப் போட்டீர்கள்? அந்த 500 ரூபாய் அபராதம் ஒரே ஒருமுறையாவது வசூலிக்கப்பட்டதா, ஆம் எனில் ரசீது நகல் தருக. தொழிலாளர் துறைக்குத் தனியாக இன்னொன்று: கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் ஆலைகளில் ஆள் வைக்க உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்கள் யார், ஒவ்வொருவரின் கீழும் எத்தனை பேர், 480 நாளைத் தாண்டி நிரந்தரமானவர்கள் எத்தனை பேர்?

இதை நூறு பிள்ளைகள் தனித்தனியாகப் போட வேண்டும். பயோடேட்டா நூறு இடத்துக்கு அனுப்புகிற பழக்கம் இருக்கிறதே, அதே கைதான். ஒரு வித்தியாசம், பயோடேட்டாவுக்குப் பதில் போடாத ஹெச்.ஆர்.க்கு எந்தத் தண்டனையும் கிடையாது. இதற்கு 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். காரணமில்லாமல் இழுத்தடித்தால் தகவல் ஆணையம் அந்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். வேலையை ஒளித்த ஆலைக்கு அன்றைய சட்டத்தில் 500, ஒளித்ததைச் சொல்லாத அலுவலருக்கு 25,000. இந்த நாட்டுச் சட்டங்களில் வேலை தேடுகிறவன் பக்கம் சாய்ந்திருக்கும் ஒரே விலைப்பட்டியல் இதுதான், ஸ்டாம்ப் வாங்குங்கள்.